பத்துக் கொக்கிச் சூரியன்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு சூரியன் இருக்கிறது. அதற்குப் பத்துக் கதிர்கள். ஒவ்வொரு கதிரின் நுனியிலும் ஒரு பித்தளைக் கொக்கி. சூரியனுக்கு எதற்குக் கொக்கி என்று கேட்பீர்கள். காலில் போடுகிற சொக்ஸ் காயப்போடத்தான். ஆனால் அந்தக் கொக்கிகளில் முதன்முதலாகத் தொங்கியது சொக்ஸ் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் ஒன்பது நாட்கள் பெரிய சிக்கல். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் டைல் ஒட்டுகிறவன். மொன்றியலில் இருபது வருடமாக இதே வேலை. குளியலறை, குசினி, கடைகளின் தரை என்று எல்லாம் ஒட்டியிருக்கிறேன். கொஞ்சக் காலமாக என் முதலாளி ஃபயர்பிளேஸ் வேலைகளையே கூடுதலாக எடுக்கிறார். புத்தகங்களில் அதைக் கணப்பு என்று எழுதியிருப்பார்கள். வீட்டுக்குள் சுவரோடு நெருப்பு எரிந்து அறையைச் சூடாக்குகிற இடம். நாங்கள் ஃபயர்பிளேஸ் என்றுதான் சொல்வோம்.

பிள்ளைகளே, பணம் உள்ளவர்கள் நெருப்பை எங்கெங்கே வைக்கிறார்கள் தெரியுமா? மலைச்சரிவில் ஒரு வீட்டில், கூரையிலிருந்து ஒரு கறுப்பு இரும்பு முட்டை தொங்கியது. பெரிய முட்டை, உள்ளே ஒரு ஆள் குந்தலாம். அதற்குள் நெருப்பு. யாருக்குக் குளிர்கிறதோ அவர் பக்கம் அதைக் கையால் திருப்பலாம். இன்னொரு வீட்டில் நெருப்பு நீலக் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவிலிருந்து எழும்பியது, கடல் பற்றிக்கொண்டதுபோல. ஒருவர் குளிக்கிற தொட்டிக்குப் பக்கத்துச் சுவரிலேயே கேட்டார். எல்லாவற்றிலும் அதிசயமானது நீராவி நெருப்பு. நீரைப் புகையாக்கி, கீழேயிருந்து செம்மஞ்சள் வெளிச்சம் அடிப்பார்கள். பார்த்தால் அசல் தீ. கையை வைத்தால் கை நனையும்.

இவற்றை நான் இரவுச் சாப்பாட்டில் சொல்வேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து.

"நெருப்பிலை கை வைச்சா ஈரமாகுமோ? அப்பா புளுகுறார்," என்பான் மகன்.

"குளிக்கிற இடத்திலை ஏன் நெருப்பு? தண்ணி ஆறுமெண்டா கெதியாய்க் குளிச்சிட்டு வாறதுதானே," என்பாள் என் மனைவி.

மகளோ கடை விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில் நான் சொன்னதையெல்லாம் படமாகக் கீறிக்கொண்டிருப்பாள்.

அந்த வருடம் யூலை முதலாம் திகதி, ஊரே வீடு மாறுகிற நாளில், நாங்களும் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்துக்கு வந்தோம். முன்னறையில் ஒரு பழைய ஃபயர்பிளேஸ் இருந்தது. புகை போகிற வழியைச் செங்கல்லால் அடைத்து, மேலே எத்தனையோ தடவை வெள்ளை அடித்து, அது ஒரு வளைந்த பொந்தாக மட்டும் மிச்சமிருந்தது. மேல்தளத்தில் இருக்கிற வீட்டுக்காரர், "விறகு மட்டும் எரிக்காதே, மற்றபடி உன் விருப்பம்" என்றார். என் மனைவி உள்ளே எட்டிப்பார்த்தாள்.

"அரிசி மூட்டைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கு," என்றாள்.

அரிசி மூட்டை உள்ளே போனது. மகள் அதைப் பார்த்தபடி நின்றாள். மூன்று நாள் கழித்து என்னிடம் வந்தாள்.

"அப்பா, நீங்கள் மற்ற ஆக்கள் கேக்கிறதைத்தானே செய்யிறீங்கள்?"

"ஓம். அதுதானே வேலை."

"அப்ப நானும் கேக்கிறன்."

அவள் நீட்டிய தாளில் ஒரு சூரியன் இருந்தது. அந்தப் பொந்துக்கு மேலே பாதி எழுந்த சூரியன், பத்துக் கதிர்கள், நுனிகளில் கொக்கிகள். கொக்கிகளில் கலர் கலராகச் சொக்ஸ். தை மாதம் அவளுக்குப் பத்து வயது முடிகிறது. வகுப்புத் தோழிகள் ஆறு பேரைக் கூப்பிட்டு, பார்க்கில் பனியில் சறுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, நனைந்த சொக்ஸைத் தொங்கவிட்டு, சூட்டுக்கு முன்னால் கால் நீட்டியிருந்து சூடான சொக்லேட் குடிக்க வேண்டுமாம். அதற்கு அவள் 'சொக்ஸ் பிறந்தநாள்' என்று பெயரும் வைத்துவிட்டாள்.

"அவையளின்ரை வீட்டிலை எல்லாம் இருக்கப்பா. ஆனா இப்பிடி ஒண்டு ஒருத்தற்றை வீட்டிலையும் இல்லை."

அன்றுவரை யாரும் என்னிடம் தன் கையால் கீறிய ஒரு படத்தை நீட்டி, இதைச் செய்து தா என்று கேட்டதில்லை. நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

என்னிடம் டைலுக்குப் பஞ்சமில்லை. வேலையில் வெட்டி மிஞ்சுகிற துண்டுகளை இருபது வருடமாக வாளி வாளியாகச் சேர்த்து, வீடு மாறும்போதும் விடாமல் கொண்டுவந்து நிலவறையில் வைத்திருந்தேன். "இதையெல்லாம் எறியுங்கோ, இல்லையெண்டா ஒருநாள் நான் எறிவன்" என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். இப்போது எல்லாரும் அந்த வாளிகளைச் சுற்றிக் குந்தினோம். ஒரு சாப்பாட்டுக் கடையின் மஞ்சள். ஒரு பல் வைத்தியரின் சிவப்பு. ஒரு பெரிய வீட்டுக் குளியலறையின் பொன்னிறக் கண்ணாடி. பழைய துவாயில் சுற்றிச் சுத்தியலால் அடித்தால் 'கறுக்' என்று உடையும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு மகன் அடித்தான். போதும் என்று சொன்ன பிறகும் அடித்தான்.

ஒட்டத் தொடங்கியபோதுதான் எனக்குக் கஷ்டம். கோணல் வராமல் ஒட்டிப் பழகிய கை இது. முதல் மூன்று கதிர்களை ரசமட்டம் வைத்து, நூல் பிடித்து, ஒரே அளவில் ஒட்டினேன். மகள் தள்ளி நின்று பார்த்தாள்.

"அப்பா, இது பாங்க் கதவிலை போட்டிருக்கிற படம் மாதிரி இருக்கு."

கழற்றினேன். ரசமட்டத்தை வாசலில் நின்ற வேலை வாகனத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, கண்ணை நம்பி ஒட்டினேன். ஒரு கதிர் தடித்தது, ஒன்று மெலிந்தது, ஒன்று கொஞ்சம் வளைந்தது. நல்லாக வந்துகொண்டிருந்தபோது மகன், உச்சிக் கதிர் நீலமாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தான்.

"எந்தச் சூரியனுக்கடா நீலக் கதிர்?"

"என்ரை சூரியனுக்கு."

நீலமாகவே ஒட்டினோம்.

எரிவதற்கு ஒரு மின்சாரப் பெட்டி கிடைத்தது. புதியது வாங்கிய ஒருவர் பழையதை எறியச் சொல்லித் தந்தார். கண்ணாடிக்குப் பின்னால் தீ ஆடும், அது பொய். அடியிலிருந்து சூட்டுக் காற்று வரும், அது மெய். கொக்கிகளை அந்தக் காற்று நேரே படாத தூரத்தில் வைத்தேன். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னர்தான் டைல் இடுக்குகளுக்கு வெள்ளைப் பூச்சு போட்டு முடித்தேன். அது நன்றாகக் காய்ந்து, மேலே கறை பிடிக்காத திரவம் பூசிய பிறகுதான் பெட்டியைப் பொந்துக்குள் ஏற்ற வேண்டும். ஆகவே பெட்டி நிலவறையில் இருந்தது. பொந்து வெறுமையாக, துடைத்த மாதிரி இருந்தது. அரிசி மூட்டையும் குசினிக்குப் போய்விட்டது.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா எனக்கு மூத்தவர், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கிறார், ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. என் பிள்ளைகளுக்கு மாமி. வேலை நேரம் மாறி மாறி வந்ததால் நான்கு மாதமாக எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. சூரியனைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. வரும்போது பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பொங்கல் வியாழக்கிழமை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு லீவு சொல்லியிருந்தோம். அக்கா விடியவே பானையும் பையுமாக பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் வெளியே பனி வழித்துக்கொண்டிருந்தேன். வானம் முழுக்கச் சாம்பல், கொட்டிக்கொண்டே இருந்தது.

"முதல் படியை வழியடா, பேந்து நடைபாதையைப் பார். ஆராவது விழுந்தா கோடு கச்சேரி எண்டு அலையப்போறாய்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

நான் ஒரு அரை மணித்தியாலம் வழித்திருப்பேன். உள்ளே வந்தால் சாம்பிராணி வாசம்.

"டேய், சப்பாத்தோட வராதை!"

அக்கா என் காலைக் காட்டியபடி சூரியனுக்கு முன்னால் நின்றார். பொந்துக்குள் குத்துவிளக்கு எரிந்தது. பொந்துக்கு முன்னால் உள்ள கல் படியில் வாழையிலை, பழம், கரும்புத் துண்டு, உடைத்த தேங்காய் இரண்டு பாதி. பத்துக் கொக்கிகளிலும் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்கியது, அளவெடுத்ததுபோல. சூரியனின் நடுவில், இன்னும் காயாத என் வெள்ளைப் பூச்சில், ஈரமாக ஒரு சந்தனப் பொட்டு. அதற்கு மேல் குங்குமம்.

"அக்கா! பூச்சு காயேல்லை!"

"சாமிக்கு முன்னாலை சத்தம் போடாதை."

பிறகு விசாரித்ததில் நடந்தது இதுதான். பொங்கலுக்குச் சூரியனைப் பார்த்துத்தானே படைக்க வேண்டும்? அக்கா கிழக்கு ஜன்னலைத் திறந்து பார்த்தார், பனியைத் தவிர ஒன்றுமில்லை. திரும்பினார், சுவரில் சூரியன். கீழே கருவறைபோல ஒரு பொந்து, முன்னால் படி. மனைவி குசினியில் பால் பொங்குவதைப் பார்த்து நின்றாள். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் மகன் மட்டும்.

"மாமி 'இது சூரியனோ' எண்டு கேட்டா. நான் ஓம் எண்டனான்," என்றான்.

"நீலக் கதிர் வைச்சிருக்கிறியே தம்பி," என்றார் அக்கா, என் பக்கம் திரும்பி. "சூரியநாராயணர் எண்டு எனக்குப் பாத்த உடனை விளங்கீட்டுது. நீலம் நாராயணர்ரை நிறமெல்லோ. நீ இவ்வளவு பக்தியான ஆளெண்டு எனக்குத் தெரியாமல் போச்சடா. உன்ரை கையாலை, இந்தக் குளிருக்கை, சாமிக்கு ஒரு இடம்..." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அக்கா மூக்கை உறிஞ்சினார். வாயை மூடிவிட்டேன்.

பொங்கல் நல்ல ருசி. ஆனால் மகள் தன் கிண்ணத்தைத் தொடவில்லை. தோரணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா போன பின் தொலைபேசியில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பங்கள் பூவோடு வந்தன. ஒருவர் தன் மகனின் பள்ளிச் சோதனைக்காகக் கற்பூரம் கொளுத்தினார். யாரும் அந்தப் பக்கம் கால் நீட்டவில்லை. அடுத்த நாள் நானே முதுகு காட்டாமல் பின்னுக்கு நடந்து போவதைக் கவனித்தேன். மனைவியும் குழம்பிப்போனாள்.

"இஞ்சருங்கோ, எனக்கும் தெரியும் அது பிள்ளையின்ரை ஃபயர்பிளேஸ் எண்டு. ஆனா விளக்கு வைச்ச இடத்திலை எப்பிடி ஊத்தைச் சொக்ஸைத் தொங்கவிடுறது?"

புதன்கிழமை மகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். அழைப்பிதழ் ஒன்று கையில். அவளே கீறியது, சூரியனும் பத்துச் சொக்ஸும்.

"அப்பா, இது கோயிலோ, என்ரை ஃபயர்பிளேஸோ?"

நான் அழைப்பிதழை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"பரவாயில்லை. நான் அவையளை வரவேண்டாம் எண்டு சொல்லட்டோ?"

அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெரிய மனுஷிபோல அமைதியாகக் கேட்டாள். நான் எழும்பிப்போய் அக்காவுக்கு அழைத்தேன்.

"அக்கா, ஒண்டு சொல்லவேணும். அது சாமியில்லை. ஃபயர்பிளேஸ்."

"ஃபயர்பிளேஸுக்கோ நான் தேங்காய் உடைச்சனான்?"

"ஓம்."

"ஏனடா அண்டைக்கே சொல்லேல்லை?"

"நீங்கள் அழுதிட்டீங்கள்."

"கொக்கி? கொக்கி என்னத்துக்கு?"

"சொக்ஸ் காயப்போட."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "தெரியாமல் வைச்சாலும் விளக்கு விளக்குத்தான், தம்பி. அந்த இடத்திலை சொக்ஸ் தொங்கினா நான் அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டன்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. மகள் பிறந்த நாளிலிருந்து ஒரு பிறந்தநாளைக்கும் அக்கா வராமல் இருந்ததில்லை. அக்கா இறைச்சி வைத்துச் சுருட்டிச் சுடுகிற ரோல்ஸ் இல்லாமல் மகளுக்குப் பிறந்தநாளே இல்லை. நான் எல்லாவற்றையும் மகளிடம் மறைக்காமல் சொன்னேன். "வரவேண்டாம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. மாமிக்கும் சொல்லாதேங்கோ," என்றாள்.

அன்றைக்கே விளக்கை எடுத்து, தோரணத்தைக் கழற்றி மடித்து வைத்தோம். கறை பிடிக்காத திரவத்தைப் பூசினேன். குங்குமக் கறை அடியில் அகப்பட்டுக்கொண்டது, போகவில்லை. பெட்டியைப் பொந்துக்குள் ஏற்றி மின்சாரம் கொடுத்தேன். தீ ஆடியது. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு போன மகன், பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை பிறந்தநாளுக்கு ஆறு பிள்ளைகளும் வந்தார்கள். பார்க்கில் சறுக்கினார்கள், விழுந்தார்கள், ஒருத்தியின் ஒரு சப்பாத்து பனிக்குள் புதைந்து அதைத் தோண்டி எடுத்தோம். வீட்டுக்கு வந்தபோது எல்லாருடைய சொக்ஸும் பிழிந்தால் தண்ணீர். முன்னறைக்குள் வந்ததும் எல்லாரும் தலையை நிமிர்த்திச் சூரியனைப் பார்த்தார்கள். ஒருத்தி பிரெஞ்சில் கேட்டாள், "இதை உன் அப்பாவா செய்தார்?" என் காது சூடாகியது. அது பெட்டியின் சூடு இல்லை.

ஆனால் மகள் சொக்ஸைத் தொங்கவிடவில்லை. ஈரச் சொக்ஸைக் கையில் பிடித்தபடி சூரியனையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். தோழிகளும் அவளைப் பார்த்து, ஆளுக்கொரு சோடி பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள், ஏதோ சடங்கு என்று நினைத்திருப்பார்கள்.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் அக்கா. கையில் சூடு பறக்கிற தட்டு. பைக்குள்ளிருந்து செவ்வந்திப் பூ எட்டிப்பார்த்தது.

"நான் உள்ளை வரேல்லை. பிள்ளையின்ரை ரோல்ஸ். குடுத்திட்டுப் போறன்."

"மாமி!" மகள் ஓடி வந்தாள். தட்டை வாங்கவில்லை. கீழே பார்த்தாள். "மாமி, உங்கடை கால்!"

பஸ் தரிப்பிட மூலையில், பனி உருகிக் கறுப்புச் சேறாகக் குளம்போல நின்றிருக்கிறது. தட்டு கவிழக்கூடாது என்று அதையே பார்த்துக்கொண்டு அக்கா இறங்க, இரண்டு காலும் கணுக்கால்வரை உள்ளே. சப்பாத்துக்குள் 'சளக் சளக்' என்றது. உதடு நீலம்.

"ஒண்டுமில்லை. அடுத்த பஸ் பதினைஞ்சு நிமிஷத்திலை."

"மாமி, ஊரிலை நனைஞ்ச உடுப்பை எதிலை காயப்போடுறனீங்கள்?"

"கொடியிலை. வெய்யிலுக்கு."

"சொக்ஸும்?"

"சொக்ஸும்தான். பள்ளிக்கூடச் சொக்ஸ்... ஏனடி கேக்கிறாய்?"

"சூரியன் கோபிக்கிறேல்லையோ?"

அக்கா என்னைப் பார்த்தார். "நீ சொல்லிக் குடுத்தனியோ?"

"இல்லை அக்கா, சத்தியமாய்."

"வக்கீல் மாதிரிக் கதைக்கிறாள்," என்றார். ஆனால் காலைத் தூக்கி மாற்றி மாற்றி வைத்தார். விரல்கள் விறைத்துப் போயிருக்க வேண்டும். "சரி, ரெண்டு நிமிஷம். கால் சூடேறினதும் போயிடுவன்."

என் மனைவி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். "இருங்கோ மச்சாள்." அக்கா சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றிவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் பக்கமாகத் திருப்பிக்கொண்டு இருந்தார், சாமிக்கு நேரே கால் படாதபடி. பாதம் இரண்டும் வெளிறியிருந்தன. சூட்டுக் காற்று பக்கத்தால் பட்டது. ஒரு கால் மெதுவாக நீண்டது. உடனே மடக்கிக்கொண்டார். பிறகு மற்றக் கால் நீண்டது. அதை மடக்கவில்லை.

ஏழு சிறுமிகளும் மகனும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன எல்லாரும் என்ரை காலைப் பாக்கிறியள்? கையிலை பிடிச்சிருந்தா எப்பிடிக் காயும்? கொழுவுங்கோவன்!" என்றார் அக்கா. அதற்குள் நினைவு வந்து, "ஏய், பொறு, பொறு! உச்சியிலை கொழுவாதேங்கோ. அது சாமியின்ரை தலை. தம்பி, அந்தப் பூவை எடு."

உச்சியில் நீலக் கதிரின் கொக்கியில் செவ்வந்தி மாலையை நான் மாட்டினேன். மிச்சம் ஒன்பது கொக்கி. தோழிகள் ஆறு சோடி, மகளின் ஒன்று, மகனின் ஒன்று, எட்டு. ஒரு கொக்கி வெறுமையாக இருந்தது. மகள் குனிந்து அக்காவின் மண்ணிறச் சொக்ஸை எடுத்தாள், குளியலறைக்குக் கொண்டுபோய்ச் சேறு போக அலசிப் பிழிந்தாள், கொண்டுவந்து அதில் தொங்கவிட்டாள். அக்கா சூரியனின் நடுவில் தன் குங்குமக் கறையைக் கண்டுவிட்டார் என்று நினைக்கிறேன். அதைப் பார்த்து ஒருதரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ரோல்ஸ் தட்டு சுற்றி வந்தது. ஒருத்தி கடித்துவிட்டுக் கண்ணில் நீர் வர, "மெர்சி, மாமி!" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள். உறைப்பு. மாமி என்பது அக்காவின் பெயர் என்று நினைத்து, மற்றவர்களும் மெர்சி மாமி, மெர்சி மாமி என்றார்கள். இறைச்சி ரோல்ஸை அந்த இடத்தில் வைத்துச் சாப்பிடலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதும் நல்லதுதான்.

அடுத்த பஸ் போனது. அதற்கடுத்ததும் போனது. அக்கா மூன்றாவது கோப்பைச் சொக்லேட்டில் இருந்தார். இரண்டு காலும் சூரியனுக்கு நேரே நீண்டிருந்தன. மகன் ரிமோட்டை நெஞ்சோடு அணைத்தபடி அவர் பக்கத்தில் இருந்தான்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு, கால் விரல்களை ஆட்டினார்.

"ராசா," என்றார், "சாமியைக் கொஞ்சம் கூட்டிவிடு."